வண்டி ஓய்வில் இருக்கிறது

செம்மண்டலத்தில் அன்று காலை ஐந்தரை மணிக்கு ஒன்பது பேர் காபி குடிக்காமல் ஜோதி மேரிக்காகக் காத்திருந்தார்கள். சர்க்கரை இருக்கிறவர்கள், இருக்குமோ என்று பயந்தவர்கள், இல்லை என்று மருமகளிடம் நிரூபிக்க வேண்டியவர்கள் என்று ஒன்பது பேர். அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், வெறும் வயிற்று ரத்தத்தை எடுத்து, குழாயில் பேர் ஒட்டி, எட்டரைக்குள் லேப்பில் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை.

கடலூர் முதுநகரில் இருக்கும் தன் வீட்டு வாசலில் அவள் வண்டிமேல் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். மின்னோடி கம்பெனியின் பேட்டரி வண்டி அது. சாவி கிடையாது. பொத்தானை அமுக்கினால் திரை வெளிச்சமாகி, 'வணக்கம் ஜோதி' என்று எழுத்து வரும். வாங்கிய எட்டு மாதமாகத் தவறாமல் வந்தது. அன்றைக்கு வரவில்லை.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அமுக்கிப் பார்த்தாள். ஸ்டாண்டைப் போட்டு எடுத்து அமுக்கிப் பார்த்தாள். சார்ஜரைச் சொருகினாள், சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது, வண்டியில் ஒன்றும் எரியவில்லை. கணவன் ஜோசப்ராஜ் பல் விளக்கிக்கொண்டே வந்து சீட்டில் இரண்டு தட்டு தட்டினான். அவன் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறவன். அங்கே எந்த மெஷினும் இரண்டு தட்டுக்கு மேல் கேட்காது. இது கேட்டது.

கடைசியில் போனை எடுத்து கம்பெனி ஆப்பில் புகார் எழுதினாள். 'புகாரைப் பதிவு செய்ய, வாகனத் திரையில் தோன்றும் ஆறு இலக்க எண்ணை உள்ளிடவும்' என்றது ஆப். திரையில் அவள் முகம்தான் தெரிந்தது.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள். பன்னிரண்டு நிமிஷம் புல்லாங்குழல் வாசித்தார்கள். பிறகு சிந்தியா என்ற பெண் வந்தாள்.

"மேடம், வண்டி ஆன்ல இருக்குதுங்களா?"

"ஆன் ஆவலன்னுதாம்மா போன் பண்றேன்."

"சரிங்க மேடம். ஸ்கிரீன்ல என்ன எரர் காட்டுதுன்னு சொல்லுங்க."

"ஸ்கிரீனே வரலம்மா. கறுப்பா கெடக்குது."

"எரர் எதுவும் காட்டலீங்களா?"

"காட்டல."

"அப்ப வண்டியில எரர் இல்லைங்க மேடம். எங்க சிஸ்டத்துலயும் உங்க வண்டி நல்லாத்தான் இருக்கு. சார்ஜ் எண்பத்தி நாலு பர்சன்ட். வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

பக்கத்து வீட்டுப் பெண்ணின் பள்ளிக்கூட சைக்கிளை வாங்கிக்கொண்டு ஜோதி மேரி மிதித்தாள். செம்மண்டலம் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது பேரில் நாலு பேர் இட்லி சாப்பிட்டு விட்டார்கள். ரிட்டயர் ஆன தலைமையாசிரியர் ஞானசேகரன் மட்டும் சாப்பிடாமல், சோபாவில் படுத்துக்கொண்டு, மனைவியிடம் எந்தப் பீரோவில் எந்தப் பத்திரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

லேப் முதலாளி புஷ்பவள்ளி கெட்டவள் இல்லை. பேச்சையும் ஜாஸ்தி வளர்க்க மாட்டாள். "ஜோதி, இன்னிக்கு நாலு போச்சு. ஒரு வாரம் பாக்கறேன். இப்படியே போச்சுன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். நீ வருவன்னு நான் காத்திருப்பேன். பசி காத்திருக்காதில்ல?" என்றாள்.

மத்தியானம் அவள் வண்டி வாங்கிய கடைக்குப் போனாள். கடலூரில் இருக்கும் அந்தக் கடையை யாரும் கடை என்று சொல்வதில்லை. 'அனுபவ மையம்' என்று போர்டு இருக்கும். வாங்கும்போது ரோஜாப்பூ கொடுத்த அதே பெண், பூ இல்லாமல் வந்தாள்.

"இங்க வாங்குற அனுபவம் மட்டும்தான் மேடம். மத்த அனுபவமெல்லாம் சிதம்பரத்துல."

மறுநாள் ஜோசப்ராஜ் லீவு போட்டான். குட்டியானை லோடு வண்டி ஒன்றைப் பிடித்து வண்டியைப் படுக்கவைத்துக் கட்டி, இருவரும் டிரைவர் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து சிதம்பரம் போனார்கள். அங்கே பைபாஸ் ஓரம் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கட்டடம். 'மின்னோடி நலமையம்' என்று போட்டு, கீழே சிறிய எழுத்தில் எழுதியிருந்தது: 'இங்கே வாகனங்கள் பழுதாவதில்லை. ஓய்வெடுக்கின்றன.'

உள்ளே போகச் சாய்வுப் பாதையும் அதன் முடிவில் தானாகத் திறக்கும் கதவும் இருந்தன. கதவு திறக்கவில்லை.

"வண்டி ஆன்ல இருந்தாத்தான் தொறக்கும்," என்றார் வாட்ச்மேன்.

"ஆன்ல இருந்தா நாங்க ஏன்யா இங்க வரப்போறோம்?" என்றான் ஜோசப்ராஜ்.

"எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க," என்று வாட்ச்மேன் வருத்தப்பட்டார். "கெடக்கட்டும், வெளிய வேப்ப மரத்தடியில வுடுங்க. உள்ள போய்ப் பேசுங்க."

உள்ளே குளிராக இருந்தது. சோபா, மீன்தொட்டி, பெரிய பூந்தொட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினோரு வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் வெள்ளைத் துணியால் மூடி, முன் சக்கரத்தில் பேர் எழுதிய அட்டை கட்டியிருந்தது. ஜோதி மேரி முன்னே ஐந்து வருஷம் பெரியாஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். அந்த மாதிரி ஒரு அறையை அவளுக்குத் தெரியும். கையைத் தூக்கிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

உறவு அலுவலர் என்று சட்டையில் பேட்ஜ் குத்திய இளவரசு எழுந்து நின்று கும்பிட்டான். முப்பது வயது இருக்கும். நல்ல பையன் முகம்.

"சார், வண்டி ரிப்பேரு."

அவன் முகம் வாடியது. "அந்த வார்த்த இங்க சொல்றதில்லைங்க மேடம். வண்டி ஓய்வுல இருக்குன்னு சொல்லணும்."

"சரி, ஓய்வுல இருக்குது. எழுப்பிக் குடுங்க."

அவன் ஒரு படிவம் கொடுத்தான். நாற்பத்திரண்டு கேள்விகள். 'வாகனம் ஓய்வுக்குச் செல்லும் முன் அதனிடம் கடுமையாக நடந்துகொண்டீர்களா?' 'மேடு பள்ளத்தில் ஓட்டியதுண்டா? உண்டெனில் தெரிந்தா, தெரியாமலா?' 'அந்த நேரத்தில் மனதில் என்ன நினைத்தீர்கள்?' வருஷா வருஷம் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் அவள். எந்தச் சாமியாரும் இவ்வளவு துருவிக் கேட்டதில்லை. அவர்கள் கடைசியில் மன்னிப்பாவது கொடுப்பார்கள். இந்தப் படிவத்தின் கடைசியில் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'எங்கள் சேவை எப்படி இருந்தது?' என்று கேட்டிருந்தது.

"இன்னும் சேவையே ஆவலியே சார்?"

"ஆனதுக்கப்புறம் யாரும் அஞ்சு குடுக்க மாட்டேங்குறாங்க மேடம்," என்றான் இளவரசு உள்ளபடியே. "அதனால போன வருஷத்துல இருந்து முன்னாடியே வாங்கிடறோம்."

அவள் ஐந்தையும் நிரப்பினாள். இளவரசு கம்ப்யூட்டரில் ஏதோ தட்டி, வண்டியை உள்ளே சேர்த்துவிட்டதாகச் சொன்னான். வண்டி வேப்ப மரத்தடியில் நின்றது.

"மெக்கானிக்கு எங்க சார்?" என்று கேட்டான் ஜோசப்ராஜ்.

"பராமரிப்புத் தோழர்னு சொல்லுவோம் சார். பயிற்சிக்குப் போயிருக்காரு. மூணு மாசம் ஆவுது."

"பேட்டரி வேலைங்களா, மோட்டாரு வேலைங்களா?"

"இல்லைங்க சார். கஸ்டமர் கோவமா பேசினா எப்படி சிரிச்ச முகமா இருக்கறதுன்னு."

திரும்பும்போது குட்டியானையில் இடம் தாராளமாக இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலை ஆறு மணிக்கு அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'அன்புள்ள ஜோதி, உங்கள் வாகனம் நேற்று நன்றாக ஓய்வெடுத்தது.' அந்த நேரத்தில் அவள் சைக்கிளில் கம்மியம்பேட்டைப் பாலத்தை ஏறிக்கொண்டிருப்பாள். நாற்பத்தொரு வயசு முழங்கால் முனகும். பிள்ளைகளின் சைக்கிள் என்பதால் கைப்பிடி தாழ்ந்து, முதுகும் பிடித்துக்கொண்டது. வண்டி ஓய்வெடுத்த அளவுக்கு அந்த வாரம் அவள் வீட்டில் யாரும் ஓய்வெடுக்கவில்லை. நாலாம் நாள் மூன்று வீடு தப்பியது. ஐந்தாம் நாள் புஷ்பவள்ளி ஒரு பெண்ணை வரச்சொல்லி, ரத்தம் எப்படி எடுக்கிறாள் என்று பார்த்ததாக லேப்பில் பேசிக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் வேலை முடிந்ததும் அவள் பஸ் ஏறிச் சிதம்பரம் போனாள். வண்டி வேப்ப மரத்தடியில் அதே இடத்தில் நின்றது. சீட்டு முழுக்கக் காக்கா எச்சம். முன் சக்கரத்தில் ஒரு நாய் சாய்ந்து படுத்திருந்தது.

"என் வண்டி வெளியிலயே நிக்குது சார்," என்றாள் இளவரசிடம்.

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "உள்ள இருக்கு மேடம்."

"தோ, கண்ணாடி வழியா பாருங்க. நாய் படுத்திருக்குது பாருங்க."

அவன் எட்டிப் பார்த்தான். வண்டி தெரிந்தது. நாய் தெரிந்தது. மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தான். ஒரு நிமிஷம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, யாரோ ஒருவரை நம்பித்தான் ஆகவேண்டும் என்ற முடிவுக்கு வந்தான்.

"உள்ளதான் இருக்கு மேடம். மூணாவது வரிசை."

ஜோதி மேரி வெளியே வந்தாள். நாயை எழுப்பினாள். சீட்டைத் துடைத்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்தாள். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உள்ளே இருக்கிற வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு போக யாராலும் முடியாது என்பதால் அவர் தடுக்கவில்லை, கேட்டைக்கூடத் திறந்துவிட்டார்.

அரைக் கிலோமீட்டர் தள்ளியிருப்பாள். 'பஞ்சர், மிக்ஸி, வாட்டர் பம்ப்' என்று சுவரில் எழுதியிருந்த ஒரு கடை வந்தது. மணவாளன் என்ற ஐம்பது வயது ஆள், ஒரு மிக்ஸியின் வயிற்றைத் திறந்துவைத்து அதனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது பேட்டரி வண்டி. பாப்பீங்களா?"

"கரண்டுதானக்கா? கரண்டுன்னா எல்லாத்துலயும் ஒண்ணுதான்."

அவர் சீட்டைத் தூக்கி, நாலு திருகைக் கழற்றி, ஒரு பல்பில் இரண்டு ஒயரைக் கட்டி அங்கங்கே தொட்டுப் பார்த்தார். ஒரு ஒயர் தகட்டில் உராய்ந்து தோல் போயிருந்தது. அதனால் விரல் நகம் அளவில் இருந்த பியூஸ் எரிந்திருந்தது. ஒயரில் டேப் சுற்றினார், டப்பாவில் தேடி ஒரு பியூஸைப் போட்டார். பொத்தானை அமுக்கினார்.

'வணக்கம் ஜோதி' என்றது திரை.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மணவாளன் அதைப் பார்க்காத மாதிரி மிக்ஸி பக்கம் திரும்பிக்கொண்டார். "இதுக்கா ஆறு நாளு வச்சிருந்தானுவ?" என்று மிக்ஸியிடம் கேட்டார்.

கடலூர் சாலையில் காற்று முகத்தில் அடிக்க அவள் ஓட்டினாள். சீக்கிரம் போய்ப் புஷ்பவள்ளியிடம் வண்டியைக் காட்டிவிட வேண்டும். புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டி மெதுவானது. பிறகு நின்றது. நின்றதும் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. புளிய மரத்தடியில் நுங்கு விற்றவர் எழுந்து நின்று பார்த்தார். பையில் போன் அடித்தது.

"மேடம், நான் சிந்தியா பேசறேங்க. பதட்டப்படாதீங்க. நலமையத்துல இருந்த உங்க வண்டிய யாரோ திருடிட்டாங்க. ஆனா நாங்க இங்க இருந்தே நிறுத்திட்டோம். வண்டி பத்திரமா இருக்கு."

"அம்மா, வண்டியில உக்காந்திருக்கறது நான்தான்!"

"அப்ப திருடன் உங்க பக்கத்துலயா இருக்கான்?" என்று சிந்தியா ரகசியமாகக் கேட்டாள். "ஆமான்னு மட்டும் சொல்லுங்க மேடம், போதும்."

வண்டி ஓடாத ஆறு நாளும் வராத கம்பெனி வேன், ஓடிய அன்றைக்கு இருபத்தைந்து நிமிஷத்தில் வந்தது. இரண்டு பேர் இறங்கி வண்டியைப் போட்டோ எடுத்து, வேனில் ஏற்றினார்கள்.

"நான்தாங்க ஓனரு," என்றாள் ஜோதி மேரி.

"ஓனருக்குத் தகவல் சொல்லிட்டோம் மேடம், கவலப்படாதீங்க," என்று ஆறுதல் சொல்லிவிட்டு ஏறிப் போனார்கள். அவள் நுங்கு விற்றவரிடம் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கடலூர் பஸ்ஸுக்குக் கையைக் காட்டினாள்.

இரண்டு நாள் கழித்து, வண்டியைப் பெற்றுக்கொள்ள வரும்படி அழைப்பு வந்தது. கணவனோடு வரலாம், கலர் புடவை நல்லது என்றும் இருந்தது. ஜோசப்ராஜ் மறுபடி லீவு போட்டான். போனால், நலமையத்து வாசலில் பந்தல், நாற்காலிகள், மைக். 'மாபெரும் மீட்பு விழா' என்று பேனர். மீட்பு என்ற சொல்லை ஜோதி மேரி அதுவரை கோயிலில் மட்டும்தான் கேட்டிருந்தாள். மண்டலத் தலைவர் அருண்பாண்டியன், கோட்டுப் போட்டு வியர்த்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"மத்த கம்பெனி வண்டியெல்லாம் திருடு போவுது. ஏன் போவுது? ஓடுது, அதனால போவுது! நம்ம வண்டிய ஒருத்தன் திருடினான். எவ்ளோ தூரம் போனான்? புதுச்சத்திரம்! ஓனரே ஓட்ட முடியாத வண்டிய திருடன் எப்படிய்யா ஓட்டுவான்?" கைதட்டல். "இந்த மாவட்டத்துல நம்ம வண்டிங்களால இந்த மூணு மாசத்துல ஒரு விபத்து உண்டா? ஒரு அபராதம் உண்டா? கெடையாது. எல்லாம் இங்கயே, இதோ, வெள்ளத் துணிக்குள்ள பத்திரமா இருக்கு. வண்டிய ஓட வெக்கிறத யாரு வேணா செய்வான். ஓடாத வண்டிய இவ்ளோ அன்பா பாத்துக்க மின்னோடியாலதான் முடியும்!"

அவர் உண்மையாகவே நெகிழ்ந்து போயிருந்தார். கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தார். பிறகு ஜோதி மேரியைப் பேசச் சொன்னார்கள்.

அவள் மைக்கிடம், "காலையில ரத்தம் எடுக்கப் போவணுங்க. வண்டியக் குடுத்தீங்கன்னா நான் போறேன்," என்றாள். அதற்கும் கைதட்டினார்கள்.

ஆனால் வண்டி பூட்டியே இருந்தது. திருட்டுக் கோப்பை முடித்தால்தான் பூட்டு திறக்கும் என்றான் இளவரசு. முடிக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஓனர் கையெழுத்து ஒன்று. திருடன் கையெழுத்து ஒன்று.

"ரெண்டும் நான்தான் சார். குடுங்க, போடறேன்."

"ஒரே ஆளு ரெண்டு கட்டத்துலயும் போட்டா சிஸ்டம் எடுக்காது மேடம்."

ஜோசப்ராஜ் கைவசம் இருந்த மூன்று நாள் லீவில் இரண்டு நாளை இந்த வண்டிக்காகத் தொலைத்தவன். முகத்தைக் கையால் ஒருதரம் வழித்துக்கொண்டு முன்னே வந்தான். "திருடன் நான்னு போட்டுக்குங்க சார்."

"ஏங்க!" என்றாள் ஜோதி மேரி.

"வுடு ஜோதி. வண்டி வந்தா போதும்."

இளவரசு நன்றியோடு படிவத்தை நீட்டினான். திருடன் பெயர், தகப்பனார் பெயர், ஆதார் எண், திருட்டு அனுபவம் பற்றிய கருத்து. ஜோசப்ராஜ் எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டான். அருண்பாண்டியன் அவனுக்கும் ஒரு சால்வை போட்டார். கம்ப்யூட்டர் யோசித்து, 'திருடரின் விவரங்கள் சரிபார்க்கப்படுகின்றன. இருபத்தொரு வேலை நாட்கள்' என்றது.

அதுவரை வண்டி இங்கேதான் இருக்க வேண்டும். இப்போது போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஜோதி மேரியை வண்டிமேல் உட்காரவைத்து, ஓடுகிற மாதிரி தெரிவதற்காக இரண்டு பேர் பின்னாலிருந்து சாய்வுப் பாதையில் தள்ளிவிட்டார்கள். வண்டி பந்தலைத் தாண்டி உருண்டது. கேமராக்காரர் "சூப்பர் மேடம், அப்படியே வாங்க" என்றார். அவள் அப்படியே போனாள். பிரேக்கைப் பிடிக்கவில்லை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் வைத்தார். சால்வையோடு ஜோசப்ராஜ் பின்னால் ஓடிவந்து சீட்டைப் பிடித்துத் தள்ளினான். அரைக் கிலோமீட்டரும் தள்ளினான்.

மணவாளன் கதை முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. அடியில் கையை விட்டு, சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியைக் கழற்றி எடுத்தார். "வண்டி எங்க இருக்குன்னு கம்பெனிக்குச் சொல்றது இதுதான். பூட்டறதும் இதுதான். இதுக்குன்னு உள்ள தனியா ஒரு குட்டி பேட்டரி இருக்கு, வருஷக்கணக்கா ஓடும். இத என்னா பண்றது?"

"அவுங்க பொருள அவுங்ககிட்டயே குடுத்துடுவோம்," என்றான் ஜோசப்ராஜ்.

அவன் சால்வையை ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு நலமையத்துக்குத் திரும்பிப் போனான். பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. பெட்டியை மீன்தொட்டிக்குப் பக்கத்துப் பூந்தொட்டியில், மண்ணைக் கிளறி, செடிக்கு வலிக்காமல் புதைத்துவிட்டு வந்தான். அதற்குள் ஜோதி மேரி வண்டியைக் கிளப்பி வைத்திருந்தாள். இருவரும் புதுச்சத்திரத்தில் நிற்காமல் கடலூர் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் ஐந்தரைக்கு அவள் செம்மண்டலத்தில் இருந்தாள். எட்டு மணிக்கு ஒன்பது குழாயும் லேப் மேஜைமேல் இருந்தன. புஷ்பவள்ளி அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, "இனிமே சொல்லாம கொள்ளாம கால வாராதடி," என்றாள். அந்தப் புதுப்பெண்ணைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

காலைச் செய்தி மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் போயிருக்கும். ரத்தினம்மாள் என்ற அம்மாளின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது இளவரசு போன் செய்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"மேடம், ஒரு நல்ல சேதி. போன மாசம் முழுக்க எந்தத் தொந்தரவும் குடுக்காத வண்டி உங்களதுதான். இந்த மாசத்தோட சிறந்த வாகனம்னு தேர்ந்தெடுத்திருக்கோம். ஒரு ஆட்டம் இல்ல, அசைவு இல்ல. சிஸ்டத்துல பாக்கவே அவ்ளோ அமைதியா இருக்குங்க மேடம்."

"யாரும்மா போன்ல?" என்று கேட்டார் ரத்தினம்மாள்.

ஜோதி மேரி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஊசியின் மூடியைக் கழற்றினாள்.

"ரொம்ப சந்தோஷம் சார்," என்றாள். "எழுப்பிடாதீங்க. தூங்கட்டும்."